சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் போட்ட தமிழர்

1947-ம் ஆண்டு நவம்பர் மாதம் 26-ந்தேதி.

நாடு சுதந்திரம் அடைந்து 3 மாதங்கள்தான் ஆகியிருந்தன. டெல்லியில் சட்டசபை கூடியது. சுதந்திர இந்தியாவின் முதலாவது வரவு-செலவுத் திட்டத்தை நிதி மந்திரி எழுந்து படித்தார்.

அந்த நிதி மந்திரி ஒரு தமிழர். கோயமுத்தூர்க்காரர். காங்கிரஸ் மந்திரிசபையில் இருந்தாரே தவிர, அவர் காங்கிரஸ்காரர் அல்ல!

அவர்தான் ஆர்.கே.சண்முகம் செட்டியார்.

அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பு, இதே டெல்லி சட்டசபைக்கு நடந்த தேர்தலில் அவர் தோற்றுப் போனவர். அவரைத் தோற்கடித்தது காங்கிரஸ். உலகமே பணமுடையில் தவித்தபோது, அவர் கடல் கடந்து போய் ஒரு வியாபார ஒப்பந்தம் பேசி வந்தார். அந்த ஒப்பந்தத்தின் பேரில் எழுந்த கோபமே அவர் வழியில் பெரிய தடையாக நின்றது.

தோற்கடித்தவர்களே கூப்பிட்டு, நாட்டின் கஜானாச் சாவியை அவர் கையில் கொடுத்தார்கள். அது எப்படி நடந்தது?

கோவையில் பிறந்தார்

சண்முகம் செட்டியார் 1892-ம் ஆண்டு அக்டோபர் 17-ந்தேதி கோவையில் பிறந்தார். தந்தையின் பெயர் கந்தசாமி செட்டியார். வியாபாரத்தில் கைதேர்ந்த, வசதியான குடும்பம். பிற்காலத்தில் பஞ்சாலைத் தொழிலிலும் இறங்கிய குடும்பம்.

சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். பிறகு சட்டக் கல்லூரியில் படித்து வக்கீல் ஆனார். ஆனால் கறுப்புக் கோட்டு அவரை நீண்ட காலம் பிடித்து வைக்கவில்லை. குடும்ப வியாபாரமும் பொதுவாழ்வும் அவரை இழுத்தன.

1917-ல் கோவை நகரசபை உறுப்பினர் ஆனார். பிறகு நகரசபையின் உபதலைவர் ஆனார். 1920-ல் சென்னை சட்டசபைக்குப் போனார். சில ஆண்டுகளில் டெல்லி சட்டசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அப்போது டெல்லியில் மோதிலால் நேருவின் சுயராஜ்யக் கட்சி பலமாக இருந்தது. சண்முகம் செட்டியார் அதில் சேர்ந்து, கட்சியின் கொறடாவாக இருந்தார். வரவு, செலவு, வரி, வட்டி என்று வந்துவிட்டால் அவர் பேச்சைச் சபை உற்றுக் கேட்கும். கணக்கு அவருக்குக் கைவந்த கலை.

1931-ல் டெல்லி சட்டசபையின் உபதலைவர் ஆனார்.

அந்த நேரத்தில்தான் உலகம் முழுவதும் ஒரு பெரிய இடி விழுந்திருந்தது.

அமெரிக்காவில் விழுந்த இடி

1929-ம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்காவில் நியூயார்க் நகரப் பங்குச் சந்தை சரிந்தது. நேற்று லட்சாதிபதியாக இருந்தவர் இன்று கடனாளி ஆனார். பாங்கிகள் மூடப்பட்டன. ஆலைகள் நின்றன. வேலை இல்லாதவர்கள் ரொட்டிக்காக வரிசையில் நின்றார்கள்.

நெருக்கடி அமெரிக்காவோடு நிற்கவில்லை. ஒவ்வொரு நாடும் தன் பிழைப்பைப் பார்க்கத் தொடங்கியது. வெளிநாட்டுச் சரக்கு வரக்கூடாது என்று சுங்க வரியை உயர்த்தின. 1930-ல் அமெரிக்கா வரியை ஏற்றியது. மற்ற நாடுகளும் பதிலுக்கு ஏற்றின.

உன் சரக்கை நான் வாங்க மாட்டேன் என்றால், என் சரக்கை நீ எப்படி வாங்குவாய்? உலக வியாபாரம் படுத்துவிட்டது. 1933-ல் அதன் மதிப்பு 1929-ல் இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிட்டது!

மல்லாட்டை விலை

நியூயார்க் எங்கே? நமது ஊர் எங்கே? ஆனாலும் அடி இங்கேயும் விழுந்தது.

புதுச்சேரிக்கு வடக்கே, கடலை ஒட்டிப் பொம்மையார்பாளையம் இருக்கிறது. செம்மண் பூமி. பொம்மையார்பாளையம் அன்று தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. வெள்ளைக்காரர் ஆட்சி. பக்கத்திலேயே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி.

திண்டிவனம், விழுப்புரம் சீமையில் மானாவாரி நிலத்துக்கு ஏற்ற பணப்பயிர் மணிலாக்கொட்டை. பேச்சு வழக்கில் அது மல்லாட்டை. அந்தக் கொட்டை மூட்டை மூட்டையாகப் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் போகும். அங்கிருந்து கப்பல் ஏறும். பிரான்சு நாட்டில் உள்ள மார்செய் துறைமுகத்தில் இறங்கும். அங்கே ஆலையில் ஆட்டி எண்ணெய் எடுப்பார்கள். அந்த எண்ணெயில் சோப்பும் செய்வார்கள்.

மார்செயில் சோப்பு விற்கவில்லை என்றால், இங்கே மல்லாட்டை விற்காது!

அதுதான் நடந்தது. 1929-க்குப் பிறகு 4 ஆண்டுகளில், நாட்டில் விளைபொருள் விலை ஏறக்குறைய பாதியாக இறங்கிவிட்டது. மல்லாட்டையும் இறங்கியது. நெல்லும் இறங்கியது. பருத்தியும் இறங்கியது.

ஆனால் கிஸ்தி இறங்கவில்லை. கடனுக்கு வட்டியும் இறங்கவில்லை. 2 மூட்டை விற்றுக் கட்டிய கிஸ்திக்கு 4 மூட்டை விற்க வேண்டியதாயிற்று. அப்போது குடியானவன் வீட்டில் என்ன மிஞ்சும்?

பெண்கள் காதிலும் கழுத்திலும் கிடந்த தங்கம்தான் மிஞ்சியது. அதுவும் போயிற்று. 1931-ம் ஆண்டு இறுதியிலிருந்து இந்தியத் தங்கம் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. பரம்பரையாக வந்த நகைகள் உருக்கப்பட்டுப் பாளம் ஆயின. சில ஆண்டுகளில் 300 கோடி ரூபாய்க்கு மேல் தங்கம் நாட்டை விட்டு வெளியேறியது.

18 பென்னியா, 16 பென்னியா?

இதோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. அது ரூபாயின் மாற்று விலை.

ஒரு ரூபாய்க்கு 18 பென்னி என்று ஆங்கில சர்க்கார் 1927-ல் சட்டம் செய்துவிட்டது. 16 பென்னி என்று வைத்தால் போதும் என்று இந்திய வியாபாரிகள் வாதாடினார்கள்.

இரண்டு பென்னியில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு பவுனுக்கு 240 பென்னி. லண்டன் வியாபாரி ஒரு பவுனுக்கு மல்லாட்டை வாங்குகிறான். ரூபாய்க்கு 16 பென்னி என்றால், அந்த ஒரு பவுனுக்கு இங்கே 15 ரூபாய் கிடைக்கும். 18 பென்னி என்றால், 13 ரூபாய் 5 அணா 4 பைதான் கிடைக்கும்.

சரக்கு அதேதான். உழைப்பும் அதேதான். ஆனால் பவுனுக்கு ஒன்றே முக்கால் ரூபாய்க்குக் கிட்டத்தட்ட நஷ்டம்!

1931-ம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தே தங்க நாணய முறையைக் கைவிட்டது. அப்போதும் ரூபாயைப் பவுனோடு அதே 18 பென்னி விலையில் கட்டிப் போட்டார்கள்.

நமது நாட்டின் ஏற்றுமதி 1928-29-ல் 330 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தது. 1932-33-ல் அது 140 கோடிக்கும் கீழே போய்விட்டது.

கனடாவில் மகாநாடு

இங்கிலாந்து ஒரு யோசனை செய்தது. உலகம் முழுவதும் வரிச் சுவர் எழுப்பினால், பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் இருக்கும் நாடுகள் மட்டும் ஒருவருக்கொருவர் சலுகை கொடுத்துக்கொண்டால் என்ன?

இதைப் பேசுவதற்காக 1932-ம் ஆண்டு ஜூலை மாதம் கனடாவின் தலைநகரான ஒட்டாவாவில் மகாநாடு கூடியது. இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகள் வந்தன. இந்தியாவும் அழைக்கப்பட்டது.

இந்தியத் தூதுக் குழுவின் தலைவர் சர் அதுல் சாட்டர்ஜி. குழுவில் ஒருவராகச் சண்முகம் செட்டியார் போனார். அப்போது அவருக்கு வயது 39.

ஒரு மாதம் பேச்சு நடந்தது. ஆகஸ்டு 20-ந்தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

அந்த ஒப்பந்தம் என்ன சொன்னது?

இங்கிலாந்து, வெளிநாட்டுச் சரக்குகள் பலவற்றின் மீது நூற்றுக்கு 10 என்ற கணக்கில் வரி போட்டிருந்தது. இந்தியச் சரக்குக்கு அந்த வரி கிடையாது என்று ஒப்புக்கொண்டது. தேயிலை, சணல் பொருள், தோல், ஆளிவிதை, மல்லாட்டை முதலியவை இதனால் பலன் அடையும் என்று சொல்லப்பட்டது.

பதிலுக்கு இந்தியாவும் விட்டுக் கொடுத்தது. இங்கிலாந்திலிருந்து வரும் பல சரக்குகளுக்கு, மற்ற நாட்டுச் சரக்கைவிட 10 சதவீதம் வரி குறைவு. மோட்டார் வண்டிகளுக்கு ஏழரை சதவீதம் குறைவு.

லாபமா, நஷ்டமா?

குழு இந்தியா திரும்பியதும் புயல் கிளம்பியது.

எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. இந்தியச் சரக்கை இங்கிலாந்து மட்டுமா வாங்குகிறது? பருத்தியை ஜப்பான் வாங்குகிறது. மல்லாட்டையைப் பிரான்சும் ஜெர்மனியும் இத்தாலியும் வாங்குகின்றன. இங்கிலாந்துக்குச் சலுகை கொடுத்தால் அந்த நாடுகள் கோபித்துக்கொள்ளாதா? பெரிய வாடிக்கைக்காரர்களை விட்டுவிட்டு ஒரே கடையில் போய் நிற்பதா?

ஆதரித்தவர்கள் சொன்ன பதிலிலும் உண்மை இருந்தது. இங்கிலாந்து வரி போடுவது என்று முடிவு கட்டிவிட்டது. ஒப்பந்தம் செய்யாவிட்டால் அந்த 10 சதவீத வரி நமது சரக்கின் தலையிலும் விழும். இருக்கிற கடையும் மூடிவிடும். எல்லாக் கதவும் சாத்தப்படும் காலத்தில் ஒரு கதவையாவது திறந்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் என்றார்கள்.

சண்முகம் செட்டியார் இரண்டாவது கட்சி. ஒப்பந்தத்தை அவர் துணிந்து ஆதரித்தார்.

1932-ம் ஆண்டு இறுதியில் டெல்லி சட்டசபை ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் அப்போது சபையில் காங்கிரஸ் கட்சி இல்லை. சட்டமறுப்பு இயக்கம் நடந்த காலம். தலைவர்களும் தொண்டர்களும் சிறையில் இருந்தார்கள். மக்களின் பெரிய கட்சி வெளியே இருக்கும்போது நிறைவேறிய ஒப்பந்தம் என்ற பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டது.

பலன் எப்படி இருந்தது? ஆளிவிதைக்கு நல்ல பலன். அர்ஜெண்டினா நாட்டு விதையோடு போட்டி போட்டு, இந்திய விதை இங்கிலாந்தில் அதிகம் விற்றது. மல்லாட்டையும் இங்கிலாந்துக்கு முன்னைவிடக் கூடுதலாகப் போயிற்று. ஆனால் மல்லாட்டை வாங்கிய மற்ற நாடுகளுக்கு ஒட்டாவா ஒப்பந்தம் செல்லாது. ஆகவே குடியானவனின் குறை முழுவதும் தீரவில்லை.

பெரிய பதவி, பெரிய தோல்வி

1933-ம் ஆண்டு சண்முகம் செட்டியார் டெல்லி சட்டசபையின் தலைவர் ஆனார். ஆங்கில சர்க்கார் அவருக்குச் சர் பட்டம் கொடுத்தது.

பதவி உயர உயர, எதிர்ப்பும் உயர்ந்தது.

1934-ல் சட்டசபைக்குப் பொதுத்தேர்தல் வந்தது. இம்முறை காங்கிரஸ் போட்டியிட்டது. ஒட்டாவா ஒப்பந்தத்தை அது கடுமையாகத் தாக்கியது. சண்முகம் செட்டியார் சென்னை மாகாண வியாபாரிகள் தொகுதியில் நின்றார். அவரை எதிர்த்துக் காங்கிரஸ் சார்பில் நின்றவர் சாமி வெங்கடாசலம் செட்டியார்.

சபைத் தலைவர் தோற்றார்! அதுவும் வியாபாரிகளின் ஓட்டிலேயே தோற்றார்!

ஒப்பந்தமும் நிலைக்கவில்லை. அதை ரத்துச் செய்ய வேண்டும் என்று 1936-ல் டெல்லி சட்டசபை தீர்மானம் போட்டது. 1939-ல் அதற்குப் பதிலாக வேறொரு ஒப்பந்தம் வந்தது.

கொச்சியில் திவான்

தோற்றவர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. 1935-ல் கொச்சி சமஸ்தானத்தின் திவான் ஆனார். 1941 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

வியாபாரம் தெரிந்தவருக்குத் துறைமுகத்தின் அருமை தெரியாதா? ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கில என்ஜினீயர், கடல் வாயில் குறுக்கே கிடந்த மணல் திட்டை வெட்டி, கப்பல் உள்ளே வர வழி செய்துகொண்டிருந்தார். தோண்டிய மண்ணைக் கொட்டியே வெல்லிங்டன் தீவை உண்டாக்கினார்கள். 1936-ல் கொச்சி, இந்தியாவின் பெரிய துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. துறைமுக வளர்ச்சிக்குத் திவான் துணை நின்றார்.

1938-ல் கொச்சியில் அரசியல் சீர்திருத்தமும் வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவரிடம் சில இலாகாக்களை ஒப்படைத்தார்கள். சமஸ்தானங்களில் இது ஒரு புதுமை.

எர்ணாகுளத்தில் நீர்க்கரையை ஒட்டிய பெரிய சாலைக்குச் சண்முகம் சாலை என்று பெயர். அந்தத் தமிழ்த் திவானின் பெயர்தான் அது.

மீண்டும் ஒரு மகாநாடு

இரண்டாவது உலகப் போர் வந்தது. 1941-ல் சண்முகம் செட்டியார் அமெரிக்கா போனார். இந்தியாவுக்கு வேண்டிய போர்ச் சரக்குகளை வாங்கும் குழுவுக்கு அவர் தலைவர்.

1944-ம் ஆண்டு ஜூலை மாதம். போர் இன்னும் முடியவில்லை. ஆனால் போருக்குப் பிறகு என்ன செய்வது என்று உலக நாடுகள் யோசிக்கத் தொடங்கின. 1929-ல் விழுந்த இடி மறுபடியும் விழக்கூடாது. ஒவ்வொரு நாடும் வரிச் சுவர் எழுப்பி, நாணய மதிப்பைக் குறைத்து, அடுத்த வீட்டுக்காரனைக் கெடுத்த கதை மறுபடியும் நடக்கக்கூடாது.

இதற்காக அமெரிக்காவில் பிரெட்டன்வுட்ஸ் என்ற மலைவாசஸ்தலத்தில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். இந்தியா அப்போது அடிமை நாடு. ஆனாலும் தனிக் குழு அனுப்பியது. சர் ஜெரிமி ரெய்ஸ்மன் தலைவர். சி.டி.தேஷ்முக், ஏ.டி.ஷராப், சண்முகம் செட்டியார் ஆகியோர் அதில் இருந்தார்கள்.

இந்தியர்கள் அங்கே 3 காரியங்களுக்காகப் போராடினார்கள்.

முதலாவது, ஏழை நாடுகளின் வளர்ச்சி. பணக்கார நாடுகளின் நாணயத்தைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. ஏழை நாடுகளின் வளமும் பெருக வேண்டும் என்பதை விதியில் எழுதச் சொன்னார்கள். உறுப்பு நாடுகள் அனைத்தின் உற்பத்தி வளமும் பெருக வேண்டும் என்று விதியில் சேர்க்கப்பட்டது.

இரண்டாவது, இந்தியாவின் பங்கு. புதிதாக அமையும் சர்வதேச நிதி ஸ்தாபனத்தில் பங்கு எவ்வளவோ, அவ்வளவு ஓட்டு. இந்தியாவுக்கு 40 கோடி டாலர் பங்கு கிடைத்தது. அமெரிக்கா, இங்கிலாந்து, ரஷ்யா, சீனா, பிரான்சு ஆகிய 5 நாடுகளுக்கு அடுத்தபடி இந்தியா. பின்னால் ரஷ்யா அதில் சேரவில்லை. ஆகவே இந்தியா 5-வது இடத்துக்கு வந்தது. நிர்வாக சபையில் தனி நாற்காலியும் கிடைத்தது.

மூன்றாவது, இங்கிலாந்து நமக்குத் தர வேண்டிய கடன்.

கடன்காரன் ஆன எஜமான்

எஜமான் வேலைக்காரனிடம் கடன் வாங்கினால் எப்படி இருக்கும்? போர்க் காலத்தில் அதுதான் நடந்தது.

போருக்காக இங்கிலாந்து இந்தியாவில் துணி, தோல், தானியம், இரும்பு என்று எல்லாவற்றையும் வாங்கியது. கையில் காசு கொடுக்கவில்லை. லண்டன் பாங்கிக் கணக்கில் இந்தியாவின் பெயரில் பவுனாக வரவு வைத்தது. அந்தக் கணக்கைக் காட்டி இங்கே ரூபாய் நோட்டு அடித்தார்கள். நோட்டு பெருகியது. சரக்கு குறைந்தது. விலை ஏறியது.

1943-ல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். லண்டன் கணக்கில் ஏறிய ஒவ்வொரு பவுனும், இங்கே யாரோ வயிற்றைக் கட்டிச் சேர்த்த பவுன்தான்.

போர் முடிந்தபோது அந்தக் கணக்கில் ஏறக்குறைய 1,700 கோடி ரூபாய் இருந்தது!

இதில் ஒரு பகுதியையாவது டாலராக மாற்றித் தாருங்கள், இயந்திரம் வாங்க வேண்டும் என்று பிரெட்டன்வுட்சில் இந்தியர்கள் கேட்டார்கள். அது இந்தியாவும் இங்கிலாந்தும் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய கணக்கு என்று இங்கிலாந்து சொல்லிவிட்டது. மகாநாடு கைவிரித்துவிட்டது.

அந்தக் கணக்கைப் பேசித் தீர்க்கும் பொறுப்பு 4 ஆண்டுகளுக்குப் பிறகு தன் தலையிலேயே விழும் என்று அன்று சண்முகம் செட்டியாருக்குத் தெரியாது.

நேரு அழைத்தார்

1947-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந்தேதி சுதந்திரம் வந்தது. நேரு தமது மந்திரிசபையில் காங்கிரஸ்காரர்களை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. மாற்றுக் கருத்துள்ளவர்களையும் சேர்த்தார். அம்பேத்கர் சட்ட மந்திரி. சியாமா பிரசாத் முகர்ஜி தொழில் மந்திரி. சண்முகம் செட்டியார் நிதி மந்திரி.

அவர் ஏற்றுக்கொண்டது நிறைந்த கஜானா அல்ல. நாடு பிரிந்து லட்சக்கணக்கானவர்கள் அகதிகளாக வந்துகொண்டிருந்தார்கள். உணவுப் பஞ்சம். காஷ்மீரில் சண்டை. வெளிநாட்டிலிருந்து தானியம் வாங்கிய வகையில் அன்னியச் செலாவணி கரைந்துகொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் நவம்பர் 26-ந்தேதி அவர் பட்ஜெட் படித்தார். அது முழு ஆண்டுக்கு அல்ல. ஆகஸ்டு 15 முதல் மார்ச் 31 வரை ஏழரை மாதத்துக்கு.

வரவு 171 கோடியே 15 லட்சம் ரூபாய். செலவு 197 கோடியே 39 லட்சம் ரூபாய். துண்டு 26 கோடியே 24 லட்சம். ராணுவத்துக்கு மட்டும் 92 கோடியே 74 லட்சம்.

ஏற்றுமதியாகும் துணிக்கும் நூலுக்கும் அவர் வரி போட்டார். பஞ்சாலைக் குடும்பத்தில் வந்தவர், பஞ்சாலைச் சரக்குக்கே வரி போட்டார்!

1948-ம் ஆண்டு பிப்ரவரியில் ரிசர்வ் பாங்கியை நாட்டுடைமை ஆக்கப்போவதாக அறிவித்தார். தொழில்களுக்குக் கடன் கொடுக்கும் நிதி ஸ்தாபனம் அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கியது.

லண்டனில் வழக்கு

1948-ம் ஆண்டு கோடைக்காலத்தில் சண்முகம் செட்டியார் லண்டன் போனார். பழைய கடன் கணக்கைப் பேச வேண்டும்.

இங்கிலாந்தும் போரில் நொடித்துப் போயிருந்தது. இந்தியாவைக் காப்பாற்றத்தானே சண்டை போட்டோம், கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யக் கூடாதா என்று அங்கே சிலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்தியா அதற்கு இணங்கவில்லை. கடன் குறைக்கப்படவில்லை. இந்தியாவில் வெள்ளைக்காரர் விட்டுப்போன ராணுவத் தளவாடங்களுக்கு 10 கோடி பவுன் கழிக்கப்பட்டது. ஓய்வு பெற்ற ஆங்கில அதிகாரிகளின் பென்ஷனுக்கு ஏறக்குறைய 17 கோடி பவுன் ஒதுக்கப்பட்டது. அடுத்த 3 ஆண்டுகளில் செலவு செய்ய 8 கோடி பவுன் விடுவிக்கப்பட்டது.

தளவாடத்துக்கும் பென்ஷனுக்கும் இவ்வளவா என்று குறை சொன்னவர்கள் உண்டு. கைக்கு வராத பணம் எவ்வளவு இருந்து என்ன, வந்தவரை லாபம் என்றவர்களும் உண்டு. ஒட்டாவாவில் எழுந்த அதே வழக்குத்தான்! ஆனால் இம்முறை ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. ஒட்டாவாவில் அவர் ஆங்கில சர்க்கார் அனுப்பிய குழுவில் ஒருவர். லண்டனில் அவர் சுதந்திர நாட்டின் மந்திரி.

லண்டன் கணக்கில் மிஞ்சிய பணம், பின்னால் தானியம் வாங்கவும் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு இயந்திரம் வாங்கவும் உதவியது.

ராஜினாமா

லண்டனிலிருந்து திரும்பிய சில வாரங்களில் அவர் பதவி போயிற்று.

போர்க்காலத்தில் கொள்ளை லாபம் அடித்து, வருமான வரி கட்டாமல் ஏய்த்தவர்களை விசாரிக்க ஒரு கமிஷன் இருந்தது. அதற்கு அனுப்பிய பட்டியலிலிருந்து சிலருடைய பெயர்கள் எடுக்கப்பட்டன. இது பற்றிச் சட்டசபையில் பலத்த கண்டனம் எழுந்தது.

1948-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சண்முகம் செட்டியார் ராஜினாமா செய்தார். நிதி மந்திரியாக அவர் இருந்தது ஓராண்டு மட்டுமே. அவருக்குப் பிறகு ஜான் மத்தாய் நிதி மந்திரி ஆனார்.

கணக்கிலே புலி என்று பெயர் எடுத்தவரைக் கவிழ்த்ததும் ஒரு கணக்கு விவகாரம்தான்.

தமிழும் இசையும்

பதவி போனாலும் அவருக்குத் துணை இருந்தது. அது தமிழ்.

தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்கு முதலிடம் வேண்டும் என்று ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கிளர்ச்சி தொடங்கியபோது, சண்முகம் செட்டியார் முன்னணியில் நின்றார். 1943-ல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கத்தின் முதல் தலைவர் அவரே.

சிலப்பதிகாரத்தில் அவருக்கு அளவில்லாத பிரியம். அதன் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதினார். கப்பல் கப்பலாகச் சரக்கு வந்து இறங்கிய காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றிய காண்டம் அது. ஒட்டாவாவையும் பிரெட்டன்வுட்சையும் பார்த்தவர், பூம்புகாரின் கடைவீதிக்கு உரை எழுதினார்.

1952 பொதுத்தேர்தலில் கட்சி சாராமல் நின்று சென்னை சட்டசபைக்கு வந்தார். அடுத்த ஆண்டே, 1953-ம் ஆண்டு மே மாதம் 5-ந்தேதி, மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 60.

பிறகு நடந்தது

2008-ல் அமெரிக்காவில் மறுபடியும் பாங்கிகள் சரிந்தன. உலகம் மறுபடியும் நடுங்கியது. அந்த ஆண்டு நவம்பர் மாதம் இந்தியா உள்பட 20 பெரிய நாடுகளின் தலைவர்கள் வாஷிங்டனில் கூடினார்கள். அடுத்த ஓராண்டுக்குப் புதிய வரிச் சுவர் எழுப்ப மாட்டோம் என்று அறிவித்தார்கள். 1930-ல் செய்த தவறு அவர்களுக்கு நினைவு இருந்தது. அந்த வாக்கை எல்லா நாடுகளும் முழுவதும் காப்பாற்றவில்லை. ஆனாலும் 1930-ல் போல ஒரேயடியாகக் கதவைச் சாத்திவிடவில்லை.

சண்முகம் செட்டியார் செய்தது சரியா, தவறா என்ற வாதம் அவரோடு போய்விடவில்லை. ஒட்டாவாவில் அவர் அதிகம் விட்டுக்கொடுத்தார் என்பவர்கள் இருக்கிறார்கள். கிடைத்ததைக் காப்பாற்றினார் என்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று நிச்சயம். மார்செயில் சோப்பு விற்றால்தான் திண்டிவனத்தில் கிஸ்தி கட்ட முடியும் என்ற உண்மை, அந்தக் காலத்துத் தலைவர்களில் மிகச் சிலருக்கே தெளிவாகத் தெரிந்திருந்தது. அந்தச் சிலரில் கோவை சண்முகம் செட்டியார் ஒருவர். சுதந்திர இந்தியாவின் பட்ஜெட் புத்தகத்தில் முதல் பெயர் அவருடையதுதான்.